கை மட்டும் தெரிந்தால் போதும்

செம்பூர்க்காரர்கள் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, அதைச் செய்த கையைப் பார்க்கவேண்டும் என்று கேட்டதில் போன வாரம் அந்த வீடே தலைகால் புரியாமல் நின்றது. அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் இருந்தது. அதுவே அதிகம்.

முந்தின கதையை விட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மும்பையில், தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒற்றை அறை வீடு; பேரில்தான் மாட்டுங்கா, வசதியான தமிழர்கள் குடியிருக்கும் அசல் மாட்டுங்கா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பேராச்சி இட்லி அவிப்பாள். புருஷன் வெயிலுமுத்து அதைச் சைக்கிளில் ஏற்றி, ஹார்ன் அடித்துக்கொண்டு சயான், செம்பூர் என்று சுற்றி விற்றுவிட்டு வருவார். கொரோனா வந்தது, ஊரடங்கு வந்தது. தாராவியின் பேரை டிவிக்காரர்கள் காலையிலிருந்து ராத்திரி வரை ஏலம் போட்டார்கள். ஹார்ன் சத்தத்துக்கு ஓடிவந்த பில்டிங்குகளெல்லாம் கேட்டைச் சாத்திக்கொண்டன. சைக்கிள் சுவரோடு சாய்ந்தது.

மகன் மாரிசெல்வம் மொபைல் கடையில் வேலை பார்த்தவன். அந்தக் கடைக்கும் பூட்டு. சும்மா இருந்த கையோடு அவன் போனிலேயே ஒரு கடையைத் திறந்தான். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். முந்தின நாளே ஆர்டர் வந்துவிடும், பணமும் போனுக்கே வந்துவிடும். வெயிலுமுத்து பொட்டலத்தை கேட்டில் வைத்துவிட்டுத் திரும்பினால் போதும். இட்லிக் கொப்பரையில் மறுபடி ஆவி பறந்தது. "உன் பேருலதாம்மா குரூப்பு" என்று மகன் சொன்னான். அது இங்கிலீஷில் இருந்தது. பேராச்சிக்கு அந்த எழுத்து தெரியாது. பெற்ற பிள்ளை சொன்னதை யாராவது எழுத்துக் கூட்டியா சரிபார்ப்பார்கள்?

இப்போது செம்பூரில் சாயாதீப் சொசைட்டி என்ற அடுக்குமாடி பில்டிங்கின் பெண்கள் கூடி, ஒரு வீடியோ மீட்டிங் போடச் சொல்லியிருந்தார்கள். இட்லி அவிப்பதைக் கண்ணால் பார்த்துத் திருப்தியானால், பில்டிங் முழுக்கத் தினமும் காலைப் பலகாரம் இவர்களிடம்தான். அப்படி ஒரு ஆர்டர் கிடைத்தால் வெயிலுமுத்து பில்டிங் பில்டிங்காக அலையவே வேண்டாம்.

பேராச்சி விடியும்போதே தலைக்குக் குளித்து, நல்ல சேலையை எடுத்து வைத்து, என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகையும் பார்த்துவிட்டாள். மாரிசெல்வம் பரணிலிருந்து ஏணியில் இறங்கி வந்து ஒரு பையை நீட்டினான்.

"இதைப் போட்டுக்கோம்மா."

பிரித்துப் பார்த்தாள். முழுக்கை ரவிக்கை.

"என்னல இது? கொப்பரை முன்னால இதைப் போட்டுட்டு நின்னா இட்லியோட சேர்ந்து நானும் வெந்துருவேன்."

"வீடியோவுல கை நீட்டா தெரியணும். பச்சை குத்தியிருக்கது மறைஞ்சிரும்லா."

பேராச்சி தன் முன்கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பச்சைக் கோலம். இத்தனை வருஷத்தில் அந்தக் கையில் சாப்பிட்டவன் ஒருநாளும் அதை அசிங்கம் என்று சொன்னதில்லை.

"எதுக்கு மறையணும்?"

அவன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தான். கவரிங் வளையல்கள், பார்வைக்குத் தங்கம் மாதிரி. "அந்தக் கண்ணாடி வளையலைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்கோ."

அவ்வளவுதான். பேராச்சிக்குச் சுர்ரென்று ஏறியது.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. கண்ணாடி வளையலைக் கழட்டுன்னு பெத்த அம்மாகிட்டச் சொல்லுத. உனக்கு யாருல புத்தி சொல்லித் தாரா?"

"அம்மா, டென்ஷன் மத் லோ, பதறாத. ஒரு மணி நேரம்தான்."

"ஒரு நிமிஷம்னாலும் கழட்ட மாட்டேன்."

வாசலில் உட்கார்ந்து சைக்கிள் ஹார்னைத் துடைத்துக்கொண்டிருந்த வெயிலுமுத்துவை அவள் பார்த்தாள். இப்போதெல்லாம் அடிக்கவே அடிக்காத ஹார்னை அவர் எதற்காக அத்தனை அக்கறையாகத் துடைக்கிறார் என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

"நீங்க என்ன சொல்லுதிய?"

"பையன் சொல்லுதான்லா" என்றார் தலையைத் தூக்காமல். "தொழிலுக்காகத்தானே. ரவிக்கையை மட்டுமாவது போட்டுக்கயேன்."

கடைசியில் கண்ணாடி வளையலுக்கு மேலே கவரிங்கை ஏற்றி, ரவிக்கைக் கையை அதுவரைக்கும் இழுத்துவிட்டுச் சமாதானமானார்கள். சமாதானம் என்று பெயர்தான். பேராச்சிக்கு மனசு ஒட்டவில்லை. ஆனாலும் ஒரு பில்டிங்கே வாடிக்கையாகும் நாளில் ரவிக்கைக்காகச் சண்டை போடுவது சரியில்லை என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மாரிசெல்வம் அடுப்புக்கு மேலே ஒரு ஸ்டாண்டை மாட்டி, வீட்டுப் போனை அதில் கவிழ்த்து வைத்தான். போன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மூஞ்சி எங்கல தெரியும்?"

"மூஞ்சி எதுக்கு? கை மட்டும் தெரிஞ்சா போதும். இப்பம் எல்லாரும் அப்படித்தான் பண்ணுதாங்க. யூடியூப்ல பாரு, சமைக்கவங்க ஒருத்தருக்கும் தலையே கிடையாது."

"அப்பம் நான் பவுடர் போட்டு பூ வச்சிருக்கது அடுப்புக்கா?"

"அம்மா, இன்னொண்ணு. பேசவும் வேணாம். ஏதும் கேட்டா நான் பாத்துக்கிடுதேன். நீ பாட்டுக்குத் துணியை விரி, மாவை ஊத்து, மூடு. பஸ், அவ்வளவுதான்."

பேராச்சி காலையிலிருந்து சேர்த்து வைத்த வார்த்தைகளையெல்லாம் விழுங்கிவிட்டு, உளுந்து பொங்கிய மாவைக் கரண்டியால் ஒரு சுற்றுக் கலக்கினாள். பிள்ளை மேல் வந்த கோபம் மாவு மேல் போகக்கூடாது. மாவுக்கு அது தெரிந்துவிடும் என்பது அவளுடைய நம்பிக்கை.

சாயங்காலம் மீட்டிங் ஆரம்பமாயிற்று. வீட்டுப் போனில் சத்தத்தை அணைத்துவிட்டு, மாரிசெல்வம் தன்னுடைய போனில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஏணிப் பக்கம் நின்றான். வெயிலுமுத்து வாசலில். மகன் கைகாட்டியதும் பேராச்சி துணியை நனைத்துப் பிழிந்து தட்டில் விரித்தாள். அவள் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அடுத்து நடந்ததை மழைதான் செய்தது.

கூரை இடுக்கிலிருந்து ஒரு சொட்டு, ஸ்டாண்டில் இருந்த போனைக் குறிபார்த்து இறங்கியது. மாரிசெல்வம் பாய்ந்து கையை நீட்டினான். இயர்போன் வயர் ஏணியிலிருந்த ஆணியில் மாட்டி, படக்கென்று பிடுங்கிக்கொண்டது. அவன் போனிலிருந்து ஒரு பெண் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"துணியை நனைச்சு நன்னாப் பிழிஞ்சு விரிச்சிட்டேன், பார்த்தேளா? ஈரம் இருக்கணும், ஆனா சொட்டப்படாது. எங்காத்துல எப்பவுமே இப்படித்தான். இப்போ மாவை விடறேன்."

பேராச்சியின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. குரல் காத்துக்கொண்டிருந்தது. கை அசையாததால் குரல் இழுத்தது. "இதோ... இப்போ விடறேன்..."

வேறொரு பெண் சிரித்தாள். "மாமி, உங்க கை எவ்வளவு லட்சணமா இருக்கு. மாட்டுங்கா மாமி கிச்சன்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்கேள்."

மாரிசெல்வம் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். சின்ன வயசில் திருடித் தின்ற முறுக்கை மறைத்த அதே கை. பேராச்சி அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். திரையில் மேல் கட்டத்தில் பட்டுச்சேலையும் பெரிய குங்குமப்பொட்டுமாக ஒரு அம்மாள். கீழ்க் கட்டத்தில், கவரிங் வளையலும் முழுக்கை ரவிக்கையுமாகக் கொஞ்சம் முன்புவரை தன் கை இருந்த அடுப்பு.

"யாருல அவ?"

"அம்மா, லைவ் போயிட்டிருக்கு. ப்ளீஸ். அப்புறம் சொல்லுதேன்."

"யாருல அவ?"

"மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள்ல ஒரு மாமி. சும்மா மூஞ்சிக்கு. எல்லாம் உன் இட்லிதாம்மா."

ரவிக்கை எதற்கு, வளையல் எதற்கு, வாயை ஏன் மூடச் சொன்னான் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. கையை விற்றிருக்கிறான். பேரையும் ஊரையும் வெட்டி எறிந்துவிட்டு, கையை மட்டும் இன்னொருத்தி தோளில் ஒட்டி விற்றிருக்கிறான். பேராச்சி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலுமுத்து பதறி எழுந்திருக்கவேண்டும், இது என்ன அநியாயம் என்று கேட்டிருக்கவேண்டும். அவர் ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். மகன் செய்தது எரிந்தது. இவர் சும்மா இருந்தது அதைவிட எரிந்தது.

ஸ்டாண்டிலிருந்து போனைப் பிடுங்கினாள். மாரிசெல்வம் ஓடிவந்தான்.

"கிட்ட வந்தியோ, கரண்டியால போட்டுருவேன்."

அவள் சொன்ன விதத்தில் அவன் நின்றுவிட்டான். அம்பர்நாத்தில் இருக்கும் தங்கச்சியோடு தினமும் வீடியோவில் பேசுகிறவளுக்கு, எந்த இடத்தை அமுக்கினால் தன் சத்தம் அந்தப் பக்கம் போய்ச் சேரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அமுக்கினாள். போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இட்லி அவிக்கது நான். என் பேரு பேராச்சி. இந்த மாரிசெல்வத்தோட அம்மா. வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்." தமிழ் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று இந்தியிலும் சொன்னாள். "மேரா நாம் பேராச்சி. லேபர் கேம்ப். தாராவி."

கட்டங்களில் இருந்த முகங்கள் அப்படியே உறைந்தன. பட்டுச்சேலை அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஒரு கட்டம் கறுத்தது. பிறகு இன்னொன்று. மீட்டிங்கைக் கூட்டியிருந்த மானசா என்ற பெண் மட்டும் பேசினாள்.

"என்ன இது, ஏமாத்து வேலையா? எங்க பில்டிங்ல வயசானவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? மாட்டுங்கான்னு நம்பித்தானே வாங்கினோம்."

"பொய் சொன்னது தப்பு. என் மகன் பண்ணுனது. அதுக்கு நீங்க எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க, நான் கேட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு கேக்கேன். தாராவின்னு முதல்லயே சொல்லியிருந்தா ஒரு இட்லி வாங்கியிருப்பியளா?"

மானசா பார்வையை வேறு பக்கம் திருப்பினாள். பேராச்சி விடவில்லை.

"இத்தன நாளும் பிள்ளையளுக்கு ஊட்டி விட்டிய. யாருக்காவது வயிறு வலிச்சுதா? ருசி பிடிச்சுப்போயிதானே கையைப் பாக்கணும்னிய. பாருங்க, இதான் கை." ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிப் பச்சைக் கோலத்தைக் காட்டினாள். "மூஞ்சியும் இதான். வேணும்னா வாங்குங்க. வேண்டாம்னா என் பேரைச் சொல்லி வேண்டாம்னு சொல்லுங்க. எவ பேரையோ சொல்லி வாங்காதீங்க."

திரை வெறுமையாயிற்று. மீட்டிங்கை யாரோ முடித்துவிட்டார்கள். அடுத்த நிமிஷமே மாரிசெல்வத்தின் போன் டிங், டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. ஆட்கள் குரூப்பிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

"போச்சு" என்றான் அவன். "எல்லாம் போச்சு. சந்தோஷமா? உனக்குப் பேருதானே வேணும், வச்சுக்கோ. நாளைக்கு உலைக்கு அந்தப் பேரைப் போடு."

"அடுப்புல வேகுதவ நான். எவளோ ஒருத்தி நோகாம பேரு வாங்கிட்டுப் போவா, அதை நான் பாத்துட்டு நிக்கணுமா?"

"முதல்ல உன் பேருலதாம்மா ஆரம்பிச்சேன். பேராச்சி இட்லி. நான் சொன்னது பொய் இல்ல. பேரைக் கேட்டா அடுத்த கேள்வி வீடு எங்கன்னு. வீட்டைச் சொன்னா போன் கட். ஒருத்தன் வாங்கல. ஒருத்தன்கூட. மாமின்னு மாத்துன அன்னைக்கே ஆர்டர் வருது. நான் என்ன செய்யட்டும்?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

வெயிலுமுத்து எழுந்து உள்ளே வந்தார். "அவனை ஏசாத, பேராச்சி. நாந்தான் சரின்னேன்."

"நீங்க பேசாதிய. உங்களுக்குத்தான் முதல்ல இருக்கு."

"ஊரடங்குக்குள்ள ஒருநாள் நான் செம்பூருக்குப் போனேம்லா, எல்லாம் வித்துப்போச்சுன்னு வந்து சொன்னேம்லா. விக்கல. எங்கேருந்து வாறேன்னு வாட்ச்மேன் கேட்டான். வாய் தவறி உள்ளதைச் சொல்லிட்டேன். கரப்பான்பூச்சிக்கு அடிப்பாங்கள்லா, அந்தப் பம்பை எடுத்துட்டு வந்து உச்சியிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் அடிச்சான். கண்ணைத் தொறக்க முடியல. அதோட விட்டானா? பாத்திரத்தைத் தொறந்து இட்லி மேலயும் அடிச்சான். மாடியிலேருந்து எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க. சயான் வந்து அத்தனையையும் சாக்கடையில கொட்டுனேன்."

அன்றைக்கு அவர் கண் சிவந்து வந்ததும், தூசி விழுந்துவிட்டது என்று இவள் முந்தானையை ஊதி ஒற்றி எடுத்ததும் பேராச்சிக்கு ஞாபகம் வந்தது. அந்த வாட்ச்மேன் அப்போது கையில் கிடைத்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது. கையில் கிடைத்தது புருஷன்தான்.

"எம் புருஷன் மேல மருந்தடிச்சிருக்கான். அதைச் சொல்லாம, வித்துப்போச்சுன்னு சொல்லியிருக்கிய. அவன் அடிச்சது ஒருநாளு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் தினமும் மறைச்சு வச்சியளே, அதுக்கு என்ன பேரு? அவங்க நம்மள அசிங்கம்னு நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க. நீங்களுமா நெனைக்கணும்?"

கொப்பரையில் தண்ணீர் வற்றிக் கருகும் வாடை வந்தது. பேராச்சி போய் அடுப்பை அணைத்தாள். கொப்பரையைக் கருக அவள் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. இன்றைக்கு மூடியைக்கூட அவள் தூக்கிப் பார்க்கவில்லை.

மாரிசெல்வத்தின் போன் அடித்தது. இந்த முறை டிங் இல்லை, அழைப்பு. அவன் திரையைப் பார்த்ததும் வெட்டிவிடப் போனான். பேராச்சி வாங்கிக்கொண்டாள்.

"மாரிசெல்வமா? நான் விஜயலக்ஷ்மி பேசறேன். கிங்ஸ் சர்க்கிள்லேர்ந்து." அதே குரல். "என்னப்பா நடந்தது அங்கே? யாருப்பா அந்த அம்மா?"

"அந்த அம்மாதான் பேசுதேன்" என்றாள் பேராச்சி. "உங்ககிட்ட நானே ரெண்டு கேக்கணும்னு இருக்கேன். அடுத்தவ கையை உங்க கைன்னு சொல்ல உங்களுக்குக் கூச்சமா இல்லியா?"

"கூச்சமாத்தான் இருந்தது. முதல்ல மாட்டேன்னுட்டேன்." அந்தக் குரலில் சண்டை இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நீங்க யாரு? அவனுக்குச் சித்தியா?"

"சித்தி என்ன சித்தி? பெத்தவ."

மாரிசெல்வம், "அம்மா, போனைத் தா, தாம்மா" என்று கெஞ்சினான். அப்படி அவன் கெஞ்சி பேராச்சி பார்த்ததே இல்லை.

"அவன் முதல்ல வந்து கேட்டப்போ, உங்கம்மாவையே உட்கார வெச்சுப் பேசச் சொல்லேன், நான் எதுக்குன்னுதான் கேட்டேன்" என்றாள் விஜயலக்ஷ்மி மெதுவாக. "அப்போதான் சொன்னான். அம்மா இல்லை மாமி, போன மாசம் இந்த வியாதியில போயிட்டா, அப்பாதான் அழுதுண்டே இட்லி வார்க்கறார்னு. எனக்கு மனசு கேக்கலை. தாயில்லாப் பிள்ளை, நம்மால ஆன ஒத்தாசையாகட்டும்னுதான் ஒத்துண்டேன். அன்னிக்கு ராத்திரி உங்களை நெனச்சுண்டு சாமிகிட்ட ஒரு விளக்குக்கூட ஏத்தினேன்."

பேராச்சி போனைக் காதிலிருந்து எடுத்தாள். அதில் இன்னும் அந்தக் குரல், "ஹலோ, இருக்கேளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

மகனைப் பார்த்தாள். அவன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். புருஷனைப் பார்த்தாள். அவர் அதிரவில்லை. கேள்விப்படாத ஒன்றைக் கேட்ட மனுஷனின் முகமாக அது இல்லை.

பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத சத்தத்தில் கேட்டாள்.

"எனக்குக் கொள்ளி யாருல வச்சா? நீயா, இவரா?"